பதிவேட்டின் கடைசிப் பெயர்

கிள்ளானில் புஷ்பவல்லி டீச்சரைத் தெரிந்த எல்லோரும் அவருக்குக் கருணை மனசு என்பார்கள். கருணையும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. அவர் மனதில் இருப்பது வஞ்சம். முப்பத்தெட்டு வருடமாக ஆறாமல் வைத்திருக்கும் வஞ்சம். கேட்டால் அவரே ஒத்துக்கொள்வார். ஆனால் நல்ல காரியம் செய்கிறவர்களிடம் ஏன் செய்கிறாய் என்று கேட்க நம் ஆட்களுக்குத் தோன்றுவதில்லை.

கார் உதிரிபாகக் கடைக்கு மேலே, இருபத்திரண்டு படி ஏறிப் போனால் அவருடைய பாலர் வகுப்பு. அந்த வட்டாரத்துத் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்துக்குச் சொந்தமானது. இருபத்து நான்கு பிள்ளைகள். அவர்களில் பதினோரு பேரின் குடும்பம் வெளிநாட்டிலிருந்து வந்தது. நேப்பாளத்திலிருந்து வந்து தொழிற்சாலைக்குக் காவல் நிற்பவரின் மகள், ரோஹிங்யா வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், இலங்கையிலிருந்து அகதியாக வந்து யூஎன் கார்டோடு காத்துக் கிடக்கும் தம்பதியின் மகள் என்று பல வகை. சில பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் உண்டு. சில பிள்ளைகளுக்கு அம்மா அப்பாவைத் தவிர வேறு எதுவும் கிடையாது. இவர்களைச் சேர்க்க அனுமதி கேட்டு டீச்சர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. சங்கத்துக்காரர்களோடு போட்ட சண்டையைச் சொல்ல ஆரம்பித்தால் அது தனிக்கதை.

புதுப் பிள்ளை வருவதற்கு முந்தின சனிக்கிழமை டீச்சர் அந்த வீட்டுக்கே போய்விடுவார். தரையில் உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்துவிட்டு, மூன்றே மூன்று கேள்வி கேட்பார். வீட்டில் பிள்ளையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், பிள்ளை என்ன சாப்பிடும், பிள்ளைக்கு எதைக் கண்டால் பயம். திங்கட்கிழமை குடும்பமே படியேறி வர வேண்டும். பெரியவர்கள் பிள்ளைகளின் சிவப்புக் குட்டி நாற்காலியில்தான் ஒரு காலை முழுக்க உட்கார வேண்டும். வகுப்பு எழுந்து நின்று அந்த வீட்டு மொழியில் வணக்கம் சொல்லும். கடைசியாகப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அது பார்க்கப் பார்க்க, வருகைப் பதிவேட்டில் பேனாவால் பெயரை எழுதுவார். பென்சில் கூடாது. பென்சிலை அழிக்கலாம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

பிறகு பெயர் கூப்பிடுவார். எந்த நாட்டுப் பிள்ளையானாலும் "உள்ளேன் டீச்சர்" என்று தமிழில்தான் பதில் சொல்ல வேண்டும். நேப்பாளத்துப் பிள்ளை "உல்லேன்" என்னும். ரோஹிங்யாப் பிள்ளைகள் கூரை பெயர்ந்துவிடும்படி கத்துவார்கள். அந்தச் சத்தத்தில்தான் டீச்சருக்கு அன்றைய காலை உணவு செரிக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் மூலகாரணம் ஒரு மனிதர். பெயர் வேலாயுதம். ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார்.

புஷ்பவல்லி அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா முனியாண்டிக்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை, அம்மாவுக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை. இருவரும் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். அம்மன் பார்த்த பிறகு அலுவலகத்தில் பதிவது எதற்கு என்று இருந்துவிட்டார்கள். நம் ஆட்கள் வழிவழியாகச் செய்த தப்பு அது. பிள்ளை லயத்து வீட்டிலேயே பிறந்தாள். அதையும் பதியவில்லை. ஏழு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனபோதுதான் பிள்ளைக்குச் சூராட் பெரானாக் கேட்டார்கள். அந்தப் பிறப்புப் பத்திரம் இருந்தால்தானே காட்டுவதற்கு.

நாளைக்கு வா என்றார் வேலாயுதம். மறுநாளும் நாளைக்கு வா என்றார். நான்கு நாள் அம்மாவை அலைய விட்டார். "தாலி கட்டிக்கத் தெரிஞ்சிச்சில்ல, ரெஜிஸ்டர் பண்ணத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஐந்தாம் நாள் போனால் போகிறதென்று, பெயர் எழுதாமல், பின்வரிசை மூலையில் உட்கார விட்டார். காலையில் பேனா மூடியால் மேசையை மூன்று தட்டுத் தட்டிவிட்டுப் பெயர் வாசிப்பார். ஒவ்வொரு பிள்ளையும் "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நிற்கும். கடைசிப் பெயர் முடிந்ததும் மூலையைப் பார்த்து, "அப்புறம் ஒரு தும்பாங்" என்பார். லோரியில் ஓசியாக ஏறிப் போகிறவனை, அடுத்தவர் வீட்டில் ஒட்டிக்கொண்டு கிடப்பவனைத் தும்பாங் என்போம். வகுப்பே சிரிக்கும். ஒரு மாதத்தில் தோட்டம் முழுக்க அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. கடைக்குப் போனால் கடைக்காரரும் "என்னா தும்பாங், என்னா வேணும்?" என்பார்.

தினமும் கடைசிப் பெயர் முடிந்ததும் அவள் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து உள்ளேன் ஐயா சொல்லிக்கொள்வாள். என்றைக்காவது தவறியாவது தன் பெயரை வாசித்துவிட மாட்டாரா என்று காத்திருந்தாள்.

ஒருநாள் கல்வி இலாகா அதிகாரி வருகிறார் என்று பள்ளிக்கூடம் அல்லோலகல்லோலப்பட்டது. பதிவேட்டில் இல்லாத பிள்ளை வகுப்பில் இருந்தால் வம்பு. வேலாயுதம் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், பந்துகளும் சுண்ணாம்பு மூட்டையும் கிடந்த ஸ்டோர் ரூமுக்குள் விட்டு, மூச்சுக் காட்டாதே என்று சொல்லிப் பூட்டினார். அதிகாரி வந்தார், கோழிக்கறியோடு சாப்பிட்டார், போனார். மணி அடித்தது. வேலாயுதம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளை ஞாபகமே அவருக்கு இல்லை. மூச்சுக் காட்டாதே என்று சொன்னதால் அவளும் காட்டவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குக் காவல் இருக்கும் ஜாகா சாவிக்கொத்தோடு சுற்றி வந்தபோதுதான் கதவைத் திறந்தார். பாவாடை நனைந்து, முகமெல்லாம் சுண்ணாம்பாக அவள் நின்றாள். அதற்குள் அம்மா செம்பனைக் காட்டிலும் கால்வாய் ஓரத்திலும் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப் போயிருந்தாள்.

மறுநாள் அம்மா போய், என் பிள்ளை காணாமல் போனது உங்களுக்குத் தெரியவே இல்லையா என்று கேட்டாள். வேலாயுதம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேரே இல்லாத புள்ள எப்படிம்மா காணாமப் போகும்?" என்றார்.

அந்த ஒரு வரியைத்தான் புஷ்பவல்லி முப்பத்தெட்டு வருடமாகச் சுமக்கிறார். குடும்பம் கிள்ளானுக்குக் குடிபெயர்ந்தது. மகதலேனா என்ற தேவாலயத்து அம்மா ஒருவர் தம் வீட்டு வரவேற்பறையில் அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். புஷ்பவல்லி கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இருபத்தொன்பதாவது வயதில் நீல அட்டை கிடைத்தது. அன்றைக்கு அம்மா கோவிலுக்குப் போனாள், மகள் பாலர் கல்வி டிப்ளோமாவுக்கு மனுப் போடப் போனார். தனியாக இருக்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டார். அந்த ஆள் சாவதற்குள் ஒருமுறையாவது என் பெயரைப் பதிவேட்டைப் பார்த்து அவர் வாயால் வாசிக்க வேண்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். மன்னிப்பைத் தூக்கிக் குப்பையில் போடு.

இந்த வருடம் ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, வேலாயுதம் இருபத்திரண்டு படியும் ஏறி வந்தார்.

தலை நரைத்து, முழங்கால் வீங்கி, கம்பியைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறினார். டீச்சருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பிள்ளையைச் சேர்க்கும் பாரத்தை நிரப்பச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தார். அவர் எழுதும் முன் பேனா மூடியால் மேசையைத் தட்டினார். மூன்று தட்டு. பாரத்தில் அவர் பெயரைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. பார்த்தார், அவரேதான்.

அவருக்கு டீச்சரைத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பெயர் எழுதாத பிள்ளையின் முகத்தை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு தம் கதையைச் சொன்னார். மகன் யுகேந்திரன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். கிள்ளானில் வேலைக்கு வந்த ஹோவா என்ற வியட்நாம் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கோவிலில் தாலி கட்டினான், அப்புறம் பதிந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டான். பெண்ணின் பெர்மிட் முடிந்துபோனது, பிள்ளை பிறந்துவிட்டது. இப்போது பேத்தி தாமரைக்கு ஐந்து வயது, கல்யாணம் பதியாததால் குடியுரிமை இல்லை. ஐந்து இடத்தில் கேட்டுவிட்டார், ஐந்திலும் முடியாது என்றுவிட்டார்கள். சொல்லி முடித்துவிட்டுக் கையைக் கூப்பினார்.

"பேரு எழுத வேணாம் டீச்சர். சும்மா ஒரு மூலையில உக்கார வையுங்க, போதும். தும்பாங் மாதிரி லா."

அந்தச் சொல்லை, அந்த வாய் சொன்னது. தன் பேத்தியைப் பற்றியே சொன்னது. டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அதை விழுங்கிக்கொண்டார். "நாளைக்கு வாங்க" என்றார்.

புதன்கிழமை வந்தார். நாளைக்கு வாங்க. வியாழக்கிழமை வந்தார். பாரத்தை மேலும் கீழும் புரட்டிப் பார்த்துவிட்டு, "கோவில்ல தாலி கட்டத் தெரிஞ்சவருக்கு ரெஜிஸ்டர் பண்ணத் தெரியலியா சார்?" என்று கேட்டார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். டீச்சருக்கு அது இனித்தது. இனிக்கவில்லை என்று நான் எழுதினால் அது பொய். வீட்டுக்குப் போய் அம்மா படத்துக்கு முன்னால் நின்று, நாலு நாள் கணக்கில் மூன்று நாள் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டுத்தான் தேநீர் போட்டார். ஐந்தாம் நாள் என்ன செய்வதென்றும் முடிவு செய்திருந்தார். இடமில்லை, போங்க.

வெள்ளிக்கிழமையும் நாளைக்கு வாங்க என்றே அனுப்பினார். அவர் இறங்கிப் போன கையோடு, கதவை இழுத்துச் சாத்திவிட்டு டீச்சரும் கீழே இறங்கினார். படிக்கட்டின் அடியில், கடைக்காரர் பழைய டயர்களை அடுக்கும் சந்தில், இரண்டு சின்னச் செருப்புக் கால்கள் தெரிந்தன. குனிந்து பார்த்தார். ஒரு பெண் பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற ஹோவா பதறிப்போய், பாதி மலாயும் பாதி தமிழுமாக விளக்கினாள். நான்கு நாளும் தாத்தா மேலே போகும்போது தாங்கள் இங்கேதான் காத்திருக்கிறோம். தெரியாதவர் காலடிச் சத்தம் கேட்டால் ஒளிந்துகொள்ள வேண்டும், மூச்சுக் காட்டக் கூடாது என்று தாத்தா பழக்கியிருக்கிறார். அதிகாரிகள் வந்து அம்மாவைப் பிடித்துப் போய்விடுவார்களாம்.

வேலாயுதம் எதிர்க்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். டீச்சர் சந்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்கு நாளாக இந்தப் பிள்ளையைச் சந்துக்குள் அடைத்து வைத்தது யார்? அந்தக் கிழவர் பாதி, தான் பாதி. தன் மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோபம் இம்மியும் குறையவில்லை. இதுவரை அது கண்மண் தெரியாமல் ஆடியது. இனிமேல் ஆளைப் பார்த்து அடிக்கும்.

எழுந்துபோய், நாளைக்கு நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்று வேலாயுதத்திடம் சொன்னார்.

சனிக்கிழமை போனார். நாற்காலி போட்டார்கள், வேண்டாமென்று தரையில் உட்கார்ந்தார். மூன்று கேள்வியும் கேட்டார். தாமரையை வீட்டில் ஹோவா சென் என்று கூப்பிடுவாள், அவள் மொழியில் அதுவும் தாமரைதான். சோறும் முட்டையும் சாப்பிடும். பயம் எதற்கு என்றபோது ஹோவா வாசல் கதவைக் காட்டினாள்.

பெரியவருக்கு ஒரு டீச்சர் தேடி வந்த பெருமை தாங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த படங்களைக் காட்டினார். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள், நடுவில் மடிப்புக் கலையாத சட்டையில் அவர். ஓய்வுபெறும்வரை எத்தனை ஆயிரம் பிள்ளைகளை ஆளாக்கினார் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு படத்தில் பின்வரிசை மூலை காலியாக இருந்தது. படம் எடுத்த அன்று அந்த மூலைப் பிள்ளையைக் கிணற்றடிக்குப் போகச் சொன்னவர் இவர்தான்.

"எல்லாப் புள்ளைங்க பேரும் ஞாபகம் இருக்கா சார்?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒரு பேரு விட மாட்டேன் டீச்சர். இன்னைக்கும் பதிவேட்ட அப்படியே ஒப்பிப்பேன்" என்றார் அவர்.

அப்படியா என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த தேநீரை டீச்சர் சொட்டு விடாமல் குடித்தார். திங்கட்கிழமை பேத்தியின் முதல் நாள், பழைய பெரிய வாத்தியார் வந்து பெயர் கூப்பிட்டால் எங்களுக்கு மரியாதை என்றார். வேலாயுதத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை ஹோவாவும் பெரியவரும் சிவப்புக் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். ஹோவா சொல்லிக் கொடுத்தபடி வகுப்பே எழுந்து நின்று "சின் சாவ்" என்று வியட்நாம் மொழியில் வணக்கம் சொன்னது. அவர்கள் சொன்ன லட்சணத்துக்கு ஹோவா வாயைப் பொத்திச் சிரித்தாள். ஒளிந்தே பழகிய பிள்ளை அம்மாவின் சட்டை நுனியை முந்தானை போலப் பிடித்துக்கொண்டு நின்றது. டீச்சர் அதைப் பக்கத்தில் நிறுத்தி, பேனாவால், இருபத்தைந்தாவது வரியில் தாமரை யுகேந்திரன் என்று எழுதினார். பிள்ளை அந்த மை காய்கிறவரை பார்த்தது.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அது முந்தின நாளே எழுதிக் காய்ந்திருந்தது.

பதிவேட்டை வேலாயுதத்தின் மடியில் வைத்துவிட்டு டீச்சர் போய்ப் பின்சுவர் ஓரம், மூலையில் நின்றுகொண்டார். பெரியவர் கண்ணாடியை மாட்டினார். பேனா மூடியால் மூன்று தட்டினார். குரல் மட்டும் கிழடு தட்டவே இல்லை. ஒவ்வொரு பெயராகக் கணீரென்று வாசித்தார். பிள்ளைகளுக்கு டீச்சர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் எல்லோரும் "உள்ளேன் ஐயா" என்றார்கள். இருபத்தைந்தாவது பெயர் வந்தது. தாமரை யுகேந்திரன். அம்மாவின் சட்டை நுனிக்குப் பின்னாலிருந்து, எறும்பு பேசுகிற மாதிரி ஒரு குரல் உள்ளேன் ஐயா என்றது. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசித்த வேகத்திலேயே அடுத்த வரிக்குப் போனார்.

"புஷ்பவல்லி முனியாண்டி."

யாரும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேட்கவில்லையோ என்று அவர் இன்னும் சத்தமாக இரண்டாவது முறை வாசித்தார்.

"புஷ்பவல்லி முனியாண்டி."

"உள்ளேன் ஐயா" என்றார் மூலையில் நின்ற டீச்சர்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தபடியே, எல்லாரும் போய்க் கை கழுவிட்டு மைலோ குடிங்க என்று உதவியாளரோடு பக்கத்து அறைக்கு அனுப்பினார். தாமரையும் அம்மாவோடு போனது. அறையில் இரண்டு பேர்தான் மிச்சம்.

வேலாயுதம் பெயரைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், மறுபடியும் பெயரைப் பார்த்தார். முனியாண்டி என்ற பெயர்தான் அவரை முதலில் தொட்டிருக்க வேண்டும்.

"அந்த... ஸ்டோர் ரூம்..." என்றார்.

"ஒரு பேரு விட மாட்டேன்னீங்க சார். இது நீங்க விட்ட பேரு."

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். குட்டி நாற்காலி, வீங்கிய முழங்கால், முடியவில்லை. கை நீட்டினார். டீச்சர் கை கொடுக்கவில்லை. மன்னிச்சிரும்மா என்று அவர் ஆரம்பிக்கும்போதே தலையசைத்து நிறுத்திவிட்டார். அது தமக்கு வேண்டாம், வந்ததற்கு அடையாளமாக அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள், அது போதும் என்றார். பெரியவர் போட்டார். கோடு இரண்டு கட்டம் தாண்டிப் போனது.

டீச்சர் வந்து பதிவேட்டை எடுத்துக்கொண்டார். மை காயட்டும் என்று மூடாமல் பிடித்திருந்தார். பக்கத்து அறையில் தாமரை யாரோடோ மைலோவுக்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது. இத்தனை நாளில் அந்தப் பிள்ளை போட்ட முதல் சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

"எங்கம்மா உங்ககிட்ட ஒன்னு கேட்டாங்க, நீங்க ஒரு பதில் சொன்னீங்க. ஞாபகம் இருக்கும்" என்றார் டீச்சர். அவர் தலை நிமிரவில்லை. "பயப்படாதீங்க சார். தாமரை காணாமப் போனா நாங்க தேடுவோம். பேரு இருக்கு."

சொல்லிவிட்டு மைலோ ஊற்றப் போனார். அன்று மதியம் டீச்சர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.